குழி விழுந்த சோபா: பலகையா, ஃபோமா, பெல்ட்டா?

எங்கள் வீட்டில் மூன்று பேர் உட்காரும் சோபாவின் வலது ஓரம் அப்பாவுடைய இடம். காலையில் பேப்பர், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், ராத்திரி ஒன்பதரை வரை டிவி, எல்லாம் அங்கேதான். வாங்கி ஏழாவது வருஷம் அந்த இடம் தொட்டி மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தால் முட்டி மேலே நிற்கும், இடுப்பு கீழே போகும். எழுந்திருக்க ஒரு கை சோபாவின் கைப்பிடியில், இன்னொரு கையை யாராவது பிடித்துத் தூக்க வேண்டும். "உட்கார்ந்தா விடமாட்டேங்குதுடா இது" என்பார்.

சரிசெய்ய இறங்கினேன். முதலில் ஒரு பலகை, இரண்டு மாதம் கழித்துப் புது ஃபோம், அதற்கும் பிறகுதான் சோபாவைக் கவிழ்த்து அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கடைசியாகச் செய்ததை முதலிலேயே செய்திருந்தால் பாதிப் பணம் மிச்சமாகியிருக்கும். அந்த அனுபவத்தில் எது யாருக்குச் சரிப்படும் என்று எழுதுகிறேன்.

சோபாவின் இருக்கையில் மூன்று அடுக்கு உண்டு. மேலே உறைக்குள் ஃபோம். அதற்குக் கீழே அதைத் தாங்கும் பெல்ட் அல்லது ஸ்பிரிங். அதையும் தாங்குவது மரச்சட்டம். மேலிருந்து பார்த்தால் எது தளர்ந்தாலும் ஒரே மாதிரிக் குழிதான் தெரியும். ரிப்பேர்க்காரர்களில் பலர் மெத்தையை ஓர் அமுக்கு அமுக்கிவிட்டு "ஃபோம் போச்சு சார்" என்கிறார்கள். ஃபோம் மாற்றுவதில்தான் அவர்களுக்கு லாபம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எது போனது என்று நாமே கண்டுபிடிக்கலாம். மெத்தை தனியாகக் கழன்று வரும் சோபா என்றால் குழி விழுந்த மெத்தையையும் அதிகம் யாரும் உட்காராத மெத்தையையும் இடம் மாற்றிப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். குழி மெத்தையோடு சேர்ந்து நகர்ந்தால் ஃபோம்தான் குற்றவாளி. குழி அதே இடத்தில் இருந்தால் அடியில்தான் கோளாறு. இரண்டு இடத்திலும் பாதிப் பாதி தெரிந்தால் இரண்டும் போயிருக்கிறது. எங்கள் சோபா இந்த மூன்றாவது ரகம். இன்னொரு வழி, மெத்தையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்காருவது. தரை உடம்பில் முட்டினால் ஃபோமுக்கு ஆயுள் முடிந்தது. பிறகு மெத்தையை எடுத்துவிட்டு, இருக்கையின் அடித்தளத்தை உள்ளங்கையால் ஊன்றி அழுத்த வேண்டும். ஓர் அங்குலம் இறங்கினால் இயல்பு. மூன்று அங்குலம் இறங்கினால் பெல்ட்டோ ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

மரச்சட்டத்துக்கு ஒரு நூல் போதும். சோபாவின் முன்பக்கச் சட்டத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நூலை இழுத்துப் பிடித்தால், நடுவில் வளைந்திருப்பது உடனே தெரியும். நீளமான சோபாக்களில் நடுவில் ஒரு கால் இருக்கும். வீடு மாற்றும்போது இழுத்த இழுப்பில் அது உடைந்து போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால், அந்த உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அடியில் செருகிவிட்டு மற்றதை யோசிக்கலாம். இவ்வளவு மலிவான வைத்தியம் இதில் வேறு கிடையாது.

இனி ஒவ்வொன்றாக.

பழைய போர்வையையோ ஜமுக்காளத்தையோ மடித்து மெத்தைக்கு அடியில் வைப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செலவில்லை. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அதுவே போதும். பத்து நாளில் துணி அமுங்கி ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பலகைக்கு வருவோம். நான் செய்த முதல் தப்பு இங்கேதான். பிளைவுட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று வாங்கி, மெத்தைக்கு அடியில் செருகினேன். மூன்றாவது வாரம் பலகையே வளைந்து, குழியோடு குழியாகிவிட்டது. ஒரு ஆள் உட்காரும் இடத்துக்கு 12 மில்லிமீட்டராவது வேண்டும். அதைவிட முக்கியம், பலகை எதன்மேல் உட்காருகிறது என்பது. முன் சட்டத்தின் மேலும் பின் சட்டத்தின் மேலும் அதன் விளிம்புகள் படிந்திருக்க வேண்டும். நான் வைத்த துண்டு அகலம் குறைவு. தளர்ந்த பெல்ட்டின் மேல் தோணி மாதிரி மிதந்துகொண்டிருந்தது. அதே சமயம் முன் விளிம்பு வரைக்கும் நீட்டிவிட்டால் தொடையின் பின்பக்கம் இடிக்கும். முன்சட்டத்தில் ஏறி, விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளேயே நின்றால் சரியாக இருக்கும். மூலைகளைத் தேய்த்து மழுக்காவிட்டால் மெத்தை உறை கிழியும். பலகையில் ஒரு சாண் இடைவெளியில் ஓர் அங்குல ஓட்டைகள் போட்டுக்கொண்டால் காற்று போகும். நம் ஊர் வெயிலுக்கு இது தேவை, இல்லாவிட்டால் மெத்தையின் அடிப்பக்கம் வேர்வையில் நசநசத்துக்கொண்டே இருக்கும்.

பலகை வைத்தால் சோபா பெஞ்சாகிவிடும் என்பது உண்மைதான். ஏற்கெனவே அமுங்கிப்போன ஃபோமுக்கு அடியில் பலகை வைத்தால் இடுப்பெலும்பு கட்டையில் படும். ஆனால் வயசானவர்களுக்கு இந்த இறுக்கம்தான் நல்லது. மெத்தென்று அமுங்கும் இருக்கையில் இடுப்பு முட்டியை விடக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து எழ முட்டியும் தொடையும் இரட்டை வேலை செய்ய வேண்டும். இருக்கை அமுங்காமல் தரையிலிருந்து 17, 18 அங்குல உயரத்தில் நின்றால் கைகொடுக்க ஆள் தேவைப்படாது. அதனால் பலகையைத் தற்காலிக ஒட்டுவேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். முட்டிவலிக்காரர் உட்காரும் ஓரத்தில் அதுதான் நிரந்தரத் தீர்வு, மேலே மட்டும் நல்ல ஃபோம் இருக்க வேண்டும். குழந்தைகள் குதிக்கிற, எல்லோரும் சாய்ந்து கிடக்கிற சோபா என்றால் பலகை வேண்டாம்.

ஃபோமில்தான் ஏமாறுவதற்கு நிறைய இடம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடையில் "32 டென்சிட்டி, 40 டென்சிட்டி" என்று சொல்வார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். எண் கூடினால் பொருள் அதிகம், அதனால் பொதுவாக உழைப்பும் அதிகம். எண் கூடினால் இறுக்கமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இறுக்கம் வேறு கணக்கு. 40 டென்சிட்டியில் மெத்தென்றும் உண்டு, கட்டையாகவும் உண்டு. கடையிலேயே துண்டைத் தரையில் போட்டு உட்கார்ந்து பார்த்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் உட்காரும் இருக்கைக்கு 40 எடுப்பது நல்லது. விருந்தாளி வந்தால் மட்டும் பயன்படும் ஓரத்துக்கு 32 தாங்கும். முதுகுச் சாய்வுக்கு அதைவிடக் குறைவாகவே போதும், அங்கே காசு கொட்ட வேண்டியதில்லை.

சரி, கடைக்காரர் 40 என்று சொன்னால் அது 40தானா? தராசு சொல்லிவிடும். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். எடையை அதனால் வகுத்தால் டென்சிட்டி. 24க்கு 24, கனம் 4 அங்குலம் என்று ஒரு துண்டு இருந்தால் 40 டென்சிட்டியில் அது ஒன்றரை கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.2 கிலோ. 24 என்றால் 900 கிராம்தான் வரும். எங்களுக்கு வேண்டிய அளவு 24க்கு 22, கனம் 4. நான் 40 என்று காசு கொடுத்து வாங்கி வந்ததை வீட்டுத் தராசில் வைத்தால் 1.1 கிலோ. கணக்குப் போட்டால் 32! திரும்பப் போய்க் கேட்டேன். "பில்லுல டென்சிட்டி எழுதலையே சார்" என்றார் அமைதியாக. அதுவும் உண்மைதான், எழுதி வாங்காதது என் தப்பு. எடை கூட்டுவதற்காகச் சுண்ணாம்புத் தூள் கலந்து செய்யும் ஃபோமும் சந்தையில் உண்டு, அதனால் எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எடையே குறைந்தால் அது நிச்சயம் சொன்ன சரக்கு இல்லை.

ஒரே கட்டியாக வாங்குவதை விட இரண்டு அடுக்காக வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது. அடியில் 3 அங்குலம் இறுக்கமானது, மேலே ஓர் அங்குலம் மெத்தென்றது. உட்கார்ந்ததும் மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே இழுக்காது. அடி அடுக்குக்கு ரீபாண்டட் ஃபோம் சொல்வார்கள். கழிவு ஃபோமை அரைத்து ஒட்டி அழுத்திச் செய்வது, பல வண்ணப் புள்ளிகளோடு இருக்கும். அது மிகவும் இறுக்கம், கனமும் அதிகம். 1 அங்குலம் அடியில் கொடுத்தால் பலகை வைத்த பலனில் பாதி கிடைக்கும். முழுக்க அதையே போட்டால் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச்தான். அடுக்குகளை ஒட்டுவதற்கு மரவேலைக்கான வெள்ளைப் பசை வேண்டாம், காய்ந்ததும் கட்டிதட்டி நறநறக்கும். ஃபோம் கடையிலேயே ரப்பர் பசை கிடைக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து ஒட்டுங்கள், நெடி தலைவலி கொடுக்கும். அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம், தீப்பிடிக்கும் சரக்கு அது.

தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்யும் காயர் மெத்தைத் துண்டும் சோபாவுக்குப் போடுகிறார்கள். காற்றோட்டம் நன்றாக இருக்கும், சூடு ஏறாது. ஆனால் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்தால் அமுங்கிய நார் திரும்ப எழும்பாது. எங்கள் அப்பா மாதிரி ஆட்களுக்கு ஆகாது. இலவம்பஞ்சு, சட்டம் வெளியே தெரியும் மர சோபாவின் திண்டுகளுக்கு அருமையாகப் பொருந்தும். வெயிலில் போட்டு உதறலாம், திரிதிரியாகக் கட்டினால் பிரித்து அடித்துத் திரும்ப அடைக்கலாம். பெட்டி மாதிரி விளிம்பு எடுப்பாக நிற்க வேண்டிய சோபாவில் பஞ்சு உருண்டையாகிவிடும்.

ஃபோமை உறையின் அளவை விட அரை அங்குலம் பெரிதாக வெட்டச் சொன்னால்தான் உறை சுருக்கமில்லாமல் நிற்கும். ஆனால் அதை உறைக்குள் நுழைப்பதற்குள் உயிர் போய்விடும். மெல்லிய பாலிதீன் ஷீட்டில் ஃபோமைச் சுற்றி, வழுக்கிக்கொண்டு உள்ளே தள்ளிவிட்டு, பிறகு ஷீட்டை மட்டும் உருவுங்கள். இந்த உபாயம் தெரிவதற்கு முன்னால் நானும் தம்பியும் ஒரு மெத்தைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினோம், ஜிப்பின் இரண்டு பல் போனதுதான் மிச்சம். மூலைகள் தொளதொளவென்று இருந்தால் கொஞ்சம் ரெக்ரான் பஞ்சு வைத்து அடைத்துவிடலாம்.

புது ஃபோம் போட்டதும் சோபா புதிது மாதிரி ஆனது. இரண்டு மாதம்தான். பிறகு அப்பாவின் இடத்தில் மறுபடி பள்ளம். ஏன் என்றால், கீழே தொட்டில் மாதிரித் தொங்கும் பெல்ட்டின் மேல் எந்த ஃபோமை வைத்தாலும் அது தொட்டில் வடிவத்துக்குத்தான் வளையும். வளைந்த வாக்கில் தினமும் அமுங்கினால் புது ஃபோமும் சீக்கிரம் சாகும். அடித்தளம் சரியில்லாத சோபாவில் ஃபோம் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

அப்போதுதான் சோபாவைக் கவிழ்த்தோம். இரண்டு பேர் வேண்டும், தரையில் ஒரு பழைய பாய் விரித்துக்கொண்டால் கைப்பிடித் துணி அழுக்காகாது. அடியில் கறுப்புத் துணி ஒன்றை ஸ்டேப்ளர் பின்னால் அடித்திருப்பார்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, குறடால் பின்னைப் பிடுங்கினால் கழன்று வரும். உள்ளே இருந்து பதினோரு ரூபாய் சில்லறை, அம்மா இரண்டு வருஷமாகத் தேடிய கண்ணாடி, வேர்க்கடலைத் தோல், ஒரு பல்லி முட்டை ஓடு. இதெல்லாம் போக, நாங்கள் தேடியதும் அங்கேதான் இருந்தது. எலாஸ்டிக் பெல்ட்டுகள் எல்லாம் பழைய பாவாடை நாடா மாதிரித் தொங்கின. வலது ஓரத்தில் இரண்டு பெல்ட்டின் முனை பின்னோடு பிய்ந்து வந்திருந்தது.

பெல்ட் மாற்றுவது பார்க்கப் பெரிய வேலை, உண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டரை அங்குல அகல எலாஸ்டிக் பெல்ட், எங்கள் அளவு சோபாவுக்கு முன்னும் பின்னும் குறுக்கும் சேர்த்துச் சுமார் 15 மீட்டர் ஆனது. முன்னிருந்து பின்னுக்கு ஒரு வரிசை, இரண்டு அங்குல இடைவெளி. குறுக்கே மூன்று, பாய் முடைகிற மாதிரி மேலும் கீழுமாக நுழைத்து. ஒரு முனையைப் பின் அடித்துவிட்டு, மறுமுனையை இழுத்துப் பிடித்து அடிக்க வேண்டும். ஒரு அடிக்கு ஓர் அங்குலம் கூடுதலாக இழுபடுகிற அளவு போதும். வீரம் காட்டி ரொம்ப இழுத்தால் எலாஸ்டிக் அப்போதே பாதி ஆயுளை இழக்கும், சட்டமும் உள்பக்கம் வளையும். எல்லா வரிசைக்கும் ஒரே இழுப்பு இருப்பது முக்கியம், பெல்ட்டில் பேனாவால் குறி போட்டுக்கொண்டு இழுத்தால் சீராக வரும். முனையை மடித்து, இரட்டைக் கனத்தின் மேல் ஐந்தாறு பின்களை ஒரே கோட்டில் இல்லாமல் முன்னும் பின்னுமாக அடித்தால் மரம் பிளக்காது.

கையால் அமுக்கும் ஸ்டேப்ளர் கன், நாட்டு மரத்தில் பாதி ஆழம்தான் இறங்குகிறது. மிச்சத்தை நான் சுத்தியலால் தட்டி இறக்கினேன். சில இடங்களில் பின்னை நம்பாமல் தலை அகலமான சின்ன ஆணியே அடித்தேன். பழைய ஓட்டை இருந்த இடத்தில் திரும்ப அடிக்காதீர்கள், அரை அங்குலம் தள்ளி அடியுங்கள்.

உங்கள் சோபாவில் பெல்ட்டுக்குப் பதில் பாம்பு நெளிவது மாதிரி வளைந்த கம்பிகள் இருந்தால் அது ஜிக்ஜாக் ஸ்பிரிங். நல்ல செய்தி என்னவென்றால் ஸ்பிரிங் உடைவது அபூர்வம். சட்டத்தில் அதைப் பிடித்திருக்கும் கிளிப்தான் ஆணி தளர்ந்து கழன்றிருக்கும். கிளிப்பைக் கொஞ்சம் தள்ளி, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டு முறுக்கினால் தீர்ந்தது. ஸ்பிரிங்கை இழுத்து மாட்டும்போது மட்டும் ஜாக்கிரதை, கை நழுவினால் முகத்துக்கு வரும். ஒரு தடித்த கயிற்றைக் கோத்து இழுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உட்காரும்போது கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்தால் கிளிப்புக்குள் ஒரு ரெக்சின் துண்டை வைத்து மூடினால் அடங்கிவிடும்.

செலவு ஊருக்கு ஊர் மாறும், எனக்கு ஆனதைச் சொல்கிறேன். பலகைத் துண்டுக்கு 350 ரூபாய். ஃபோம் ஒரு இருக்கைக்கு 1,100. பெல்ட்டும் பின்னும் சேர்த்து 600, ஸ்டேப்ளர் கன் தனியாக 700. தெருவில் மைக் கட்டிக்கொண்டு வரும் சோபா ரிப்பேர் வண்டிக்காரர் மொத்தத்துக்கும் 9,500 சொன்னார். துணியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம். எங்கள் துணிக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனாலும் அவரைக் கூப்பிட வேண்டிய சந்தர்ப்பம் உண்டு. மெத்தை தனியாகக் கழலாமல் சட்டத்தோடு சேர்த்துத் துணி போர்த்திய சோபா என்றால், ஃபோம் மாற்றத் துணியைப் பிரித்து மறுபடி இழுத்து அடிக்க வேண்டும். சுருக்கம் விழாமல் மூலை மடிப்பது பழகிய கைக்குத்தான் வரும். துணியும் கிழிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அவரிடமே கொடுத்துவிடலாம். கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: "அடியில பெல்ட் மாத்துவீங்களாண்ணே?" பலர் மேலே மட்டும் புதுசாக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கறுப்புத் துணியை மூடுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள். ஃபோமையும் எடைபோட்டு வாங்குங்கள். சாய்ந்து நீளும் ரெக்ளைனர் சோபாவில் கை வைக்காதீர்கள், உள்ளே இரும்பு இணைப்புகள் விரலை நசுக்கிவிடும்.

புதுசு வாங்குவதா என்ற கேள்விக்கு மரச்சட்டம்தான் பதில் சொல்ல வேண்டும். கவிழ்த்தபோது சட்டத்திலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினாலோ, ஸ்க்ரூ டிரைவர் முனை மரத்துக்குள் வெண்ணெயில் போவது போல இறங்கினாலோ உளுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் பத்து ரூபாய் கூடச் செலவு செய்யாதீர்கள், வீட்டில் மற்ற மரச்சாமான்களுக்கும் அது பரவலாம். அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த சட்டத்திலும் பின் பிடிக்காது, ஒரு முறை பிய்ந்தால் பிய்ந்ததுதான். நல்ல மரச்சட்டம் இருந்தால் மட்டும், எத்தனை வருஷமானாலும், காப்பாற்றத் தகுந்த சோபா அது. தாத்தா காலத்துத் தேக்குச் சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, தவணையில் புதுசு வாங்கியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அந்தப் புதுசு மூன்றே வருஷத்தில் ஆடத் தொடங்கியது.

எங்கள் சோபாவில் இப்போது மூன்று இடத்துக்கும் புது பெல்ட். வலது ஓரத்தில் மட்டும் ஓட்டை போட்ட 12 மில்லிமீட்டர் பலகை, அதன்மேல் இரண்டு அடுக்கு ஃபோம். அப்பா தானாக எழுந்திருக்கிறார். மாதம் ஒருமுறை இடம் மாறி உட்கார்ந்தால் ஃபோம் சமமாகத் தேயும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஏன், நான் என்ன வாடகைக்கா இருக்கேன்?" என்றார். அதனால் மாதா மாதம் ஒன்றாம் தேதி, அவர் குளிக்கப் போகும் நேரத்தில், மெத்தைகளை நான் இடம் மாற்றிப் போட்டுவிடுகிறேன்.